மிச்சக் கரண்ட்

குட்டிக்கு நாற்பது வயது நெருங்கிவிட்டது. ஆனாலும் வீட்டில் அவள் குட்டிதான். அண்ணன் வைத்த பேர், அவ்வளவு லேசில் போய்விடுமா? அலுவலகத்தில் அப்படிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் வராது. அங்கே அவள் பூட்லோடர் எழுதுகிறவள்.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரு சின்ன பதில் வைத்திருந்தாள். ஒரு கருவிக்குக் கரண்ட் கிடைத்ததும் அதற்குள் முதலில் கண்விழிக்கிற புரோகிராம் அது. விழித்ததும் உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்க்கும். பிறகு பெரிய புரோகிராமைத் தட்டி எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பு செய்தால்தான் எல்லார் வாயிலும் விழும். வீட்டில் முதலில் எழுந்து கதவு திறக்கிறவர்களின் கதியும் இதுதான், அதை விடுங்கள்.

அவள் நிறுவனம் அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு மாத்திரைப் பெட்டி. ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். பேட்டரியில் ஓடும், பேட்டரி தீரப்போனால் மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே ஒரு வட்டத் தட்டு, தட்டில் வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அறைகள். வேளை வந்தால் பெட்டி மணியடிக்கும். பட்டனை அழுத்தினால் ஒரு மாத்திரை கிண்ணத்தில் விழும், 'கொடுத்தாயிற்று' என்று ஸ்கிரீனில் எழுத்து வரும். அடுத்த வேளை வரைக்கும் காலில் விழுந்து கெஞ்சினாலும் இன்னொன்று விழாது. மேல்மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் இருக்கும். கடைக்கு வருவதற்கு முன் சில வீடுகளில் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வீடு அண்ணனுடையது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்காக இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். லிஃப்ட் குழிக்குள் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு வலிப்பு மாத்திரை தவறக்கூடாது. பழைய ஞாபகமெல்லாம் அப்படியே இருந்தது, புது ஞாபகம்தான் நிற்கவில்லை. காலையில் நடந்தது மத்தியானம் பாதி இருக்கும், மறுநாள் கால்வாசி இருக்கும். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டு, அக்கம்பக்கத்து வீட்டு மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். அண்ணி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருப்பவள். பெட்டி வந்த பிறகுதான் அவளால் நிம்மதியாக வேலைக்குப் போக முடிந்தது. அண்ணனுக்கும் பகல் முழுக்கத் தன் வீட்டில் தன் பாட்டுக்கு இருக்க முடிந்தது. மாத்திரையை நீட்டிக்கொண்டு பெண்டாட்டி பின்னாலேயே நிற்பது அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பெட்டியை அவன் வீட்டில் வைத்த அன்று குட்டி பெருமையாகத்தான் சொன்னாள். "இனிமே நீ ஒண்ணும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம் அண்ணா. உனக்கு மறந்தாலும் இதுக்கு மறக்காது."

மறக்காது என்று எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிக்கு இரண்டு விதமான ஞாபகம். ஒன்று சாதாரண மெமரி, கரண்ட் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு உயிர். இன்னொன்று ஃபிளாஷ். கரண்ட் போனாலும் அதில் எழுதியது இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப அழித்து எழுதினால் நாளாவட்டத்தில் தேய்ந்துவிடும். குட்டி இந்த ஃபிளாஷ் விஷயத்தில் மகா கஞ்சம். அவள் தொழிலில் எல்லாருமே அப்படித்தான், தேய்ந்துவிடுமோ என்று பொத்திப் பொத்தி வைப்பார்கள். அதனால் அன்றன்றைக்கு நடந்ததைச் சாதாரண மெமரியின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, ராத்திரி ஒரே ஒரு முறை ஃபிளாஷில் எழுத வைத்திருந்தாள். நடுவில் பெட்டி தடுமாறி மறுபடி விழித்தால் பூட்லோடர் அந்த மூலையைத் தொடாது. அங்கே ஒரு அடையாளக் குறி இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குறி இல்லையென்றால்? குறி இல்லையென்றால் இன்றைக்கு இன்னும் எதுவும் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும். ஒரே வரிதான். அதை எழுதும்போது அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அண்ணி சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்க முடியவில்லை. அவளைப் பார்த்ததும், "வீடு மேல போயிட்டே இருக்கு. எந்த மாடின்னு பாரு" என்றானாம். அந்த நிலையிலும் அவனுக்கு விளையாட்டு. அண்ணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாத்திரை இரண்டு மடங்கு உள்ளே போயிருக்கிறது, தூங்கினால் தெளிந்துவிடும், குளியலறைக்குள் விழாமல் வாசலில் உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று என்றார்.

சாயங்காலம் குட்டி ஓடிவந்தாள். அண்ணி சாவி போட்டு மூடியைத் திறந்து காட்டினாள். தட்டில் ஒரு அறை கூடுதலாகக் காலியாக இருந்தது. குட்டி பெட்டியை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். காலையில் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை என்று பதிவு அடித்துச் சொன்னது. நேரம் மட்டும் எட்டு மணிக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. அண்ணன் மணியடித்த கையோடு பட்டனை அழுத்துகிறவன், ஒரு நாளும் தாமதித்ததில்லை. அது அவள் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

பெட்டி கொடுத்தது ஒன்று, போனது இரண்டு. அப்படியென்றால் இன்னொன்றை யார் எடுத்தது? மேஜை மேல் ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. பூட்டைத் திறக்க அவனுக்குச் சாவியா வேண்டும்? அண்ணி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஸ்க்ரூடிரைவரைத்தான் பார்த்தாள்.

"பெட்டிதான் ரெண்டு தடவ குடுத்துச்சு," என்றான் அண்ணன். குரல் இன்னும் குழறியது. "ரெண்டாவது தடவ மணியடிச்சப்ப, இப்பதானே குடுத்தன்னு அதுகிட்டயே கேட்டேன்."

"அப்ப ஏன் போட்டுக்கிட்ட?" என்று குட்டி கேட்டாள்.

"எனக்கு மறந்தாலும் அதுக்கு மறக்காதுன்னு நீதானே சொன்ன?"

குட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், குழம்பிப் போயிருக்கிறான் என்றுதான் நினைத்தாள். "பெட்டி பொய் சொல்லாது அண்ணா," என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அதை அவள் மறுநாளும் சொன்னாள். பெட்டியை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் நாள் முழுக்கச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதற்கடுத்த நாளும் சொன்னாள். அண்ணியும் தன் பங்குக்குச் சொன்னாள். கோபமாக இல்லை, தன்மையாகத்தான். அந்தத் தன்மையைத்தான் அவனால் எதிர்க்க முடியவில்லை. முதல் நாள் மல்லுக்கட்டினான், இரண்டாம் நாள் முனகினான். அப்புறம் ஒரு நாள் அவனே, "நான்தான் திறந்து எடுத்திருப்பேன் போல" என்றான். அண்ணி ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அடுத்த மாதத்திலிருந்து அவனைப் பகல் நேரக் காப்பகத்தில் விடுவதென்று முடிவாயிற்று. அங்கே கவனிக்க ஆள் உண்டு, மாத்திரையை அவர்களே தருவார்கள். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். அங்கே தன் சாமான்களைக் கொண்டுபோகலாமா என்று. கூடாதாம். கூரான எதற்கும் அனுமதி இல்லையாம். சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குட்டியின் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் ஒருவர் இருந்தார். எதையும் லேசில் நம்பமாட்டார், அதனால் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைக் கௌரவப் பட்டம்போல ஏற்றுக்கொண்டவர். விடுப்பு முடிந்து வந்தவர், குட்டியின் மேஜையில் வீட்டுப் பெட்டி ஒன்று இருப்பதைப் பார்த்து என்ன கதை என்று விசாரித்தார். அவள் சொன்னாள். பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கூடப் பார்த்துவிட்டேன், பெட்டி எதையும் மறக்கவில்லை என்றாள்.

அவர் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு கேபிள் அவளுடைய கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே நடப்பதைப் பார்ப்பதற்கான கேபிள். அது இல்லாமல் அவர்கள் யாருக்கும் வேலையே ஓடாது.

"பேட்டரியக் கழட்டினீங்க. இதக் கழட்டினீங்களா?" என்று கேட்டார் சந்தேகம்.

குட்டிக்கு மூக்குடைந்தது. அந்தக் கேபிள் வழியாகவும் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் போகும். அவள் மேஜையில் எந்தப் பெட்டியும் ஒருநாளும் முழுசாகச் செத்ததே இல்லை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லையே என்று முகம் சுட்டது. கேபிளைப் பிடுங்கினாள். மணியடிக்கவைத்து, பட்டனை அழுத்தி, வெற்று மாத்திரை ஒன்றை விழவைத்து, பேட்டரியைக் கழற்றிச் சட்டென்று மாட்டினாள். பெட்டி விழித்தது, 'கொடுத்தாயிற்று' என்றது. அவளுக்கு மூச்சு வந்தது. பேட்டரி மாற்றுகிற நேரத்தைச் சமாளிக்க உள்ளே கொஞ்சம் கரண்ட் தேங்கி நிற்கும், அது போதுமே என்று விளக்கினாள்.

சந்தேகம் விடவில்லை. "நீங்க இப்படி மாத்துறீங்க. உங்க அண்ணன் எப்படி மாத்துவாரு?"

எப்படி மாற்றுவான்? மஞ்சள் விளக்கு எரிந்தால் அவனேதான் மாற்றுவான், அண்ணியைக் கூப்பிட மாட்டான். குட்டி அவனை மேஜையருகே நினைத்துப் பார்த்தாள். டார்ச் லைட்டானாலும் சரி, இஸ்திரிப்பெட்டியானாலும் சரி, முதலில் கரண்ட்டை வெட்டுவான். பிறகு அவசரமே படாமல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். செத்த கருவியின் பட்டனை எதற்கு அமுக்குகிறாய் என்று அவள் சின்ன வயதில் கேலி செய்திருக்கிறாள். லிஃப்ட் பலகையில் ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே மிச்சக் கரண்ட் நிற்கும், அதை வடிக்காமல் கைவைத்தால் ஆளைத் தூக்கி அடிக்கும் என்று அப்போது சொல்லியிருந்தான். அப்புறம்தான் கம்பிகளைத் துடைப்பான், அப்புறம்தான் மாட்டுவான். அடிபட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

குட்டி பேட்டரியைக் கழற்றினாள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். துணியால் கம்பிகளைத் துடைத்தாள். மாட்டினாள்.

பெட்டி விழித்தது. மணியடித்தது. காலை வேளை இன்னும் முடியவில்லை, மாத்திரை இன்னும் கொடுக்கவில்லை என்று அதன் கணக்கு. அவள் பட்டனை அழுத்தினாள். இரண்டாவது மாத்திரை டக்கென்று கிண்ணத்தில் விழுந்தது.

அன்று காலை முதல் மாத்திரை விழுந்த கையோடு அண்ணன் பேட்டரியை மாற்றியிருக்கிறான். மணி பார்க்கப் பெட்டிக்குள் தனியாக ஒரு பொத்தான் பேட்டரி உண்டு, அதனால் அது நேரத்தை மறக்கவில்லை. கொடுத்ததைத்தான் மறந்தது. முதல் மாத்திரையின் பதிவும் அந்த மூலையோடு துடைத்துக்கொண்டு போய்விட்டது, மிஞ்சியது இரண்டாவதின் பதிவு மட்டும். எட்டு மணிக்குச் சற்றுத் தள்ளி என்று இருந்ததே, அது அதுதான். குறி இல்லையென்றால் எதுவும் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள். ஞாபகம் இல்லாததும் நடக்காததும் ஒன்றா? அவள் பெட்டி அப்படித்தான் நினைத்தது. நினைக்கச் சொன்னவள் அவள்தான்.

"இப்பதானே குடுத்தன்னு அதுகிட்டயே கேட்டாராம் சார்," என்றாள் குட்டி. சந்தேகம் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

மேலாளரிடம் அவளே போய்ச் சொன்னாள். பூசி மெழுகவில்லை. அவர் நல்ல மனிதர், சத்தம் போடாமல் கேட்டுவிட்டு, சோதனைக்குப் போன எல்லா வீடுகளுக்கும் அப்போதே போன் செய்து பெட்டிகளைத் திரும்ப வாங்க ஏற்பாடு செய்தார். வேறு எந்த வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. மற்றவர்களெல்லாம் பேட்டரியைச் சட்டுப்புட்டென்று மாற்றுகிறவர்கள்.

அன்று சாயங்காலமே குட்டி அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழி முழுக்க மனசுக்குள் பேசிக்கொண்டே போனாள். அவன் துள்ளிக் குதிப்பான், பார்த்தியா என்பான், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான், காட்டட்டும் என்று நினைத்தாள்.

ஜன்னலோர மேஜை காலியாக இருந்தது. அண்ணன் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். பெட்டி இரண்டு தடவை கொடுத்தது, நீ எதையும் திறக்கவில்லை, தப்பு என்னுடையது என்றாள். "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி அண்ணா."

அவன் புரியாமல் பார்த்தான். "என்ன சொன்னேன்?"

"பெட்டிதான் ரெண்டு தடவ குடுத்துச்சுன்னு சொன்னியே."

"நான் அப்படிச் சொன்னேனா?" அவன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான், பிறகு குட்டியை. "இல்லியே. நான்ல ஸ்க்ரூடிரைவரால திறந்து எடுத்தேன்? நல்லா ஞாபகம் இருக்கே. இந்தக் கையாலதான் எடுத்தேன்."

அவனுக்கு எதுவும் நிற்காத மண்டையில் அந்தக் காலை நின்றிருந்தது. சரியாகவே நின்றிருந்தது. அதன் மேல்தான் இவர்கள் இரண்டு பேரும், அவ்வளவு தன்மையாக, நாள் தவறாமல், வேறொன்றை எழுதிவிட்டார்கள். பெட்டி தன் ஞாபகத்தைத்தான் இழந்தது. அண்ணனின் ஞாபகத்தை அழித்தவள் அவள். ஒரு இடத்தில் எழுதுவதற்கு முன்னால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவள் தொழிலில் அரிச்சுவடி.

அண்ணி பொரிந்துவிட்டாள். "நீதானே சொன்ன, பெட்டி பொய் சொல்லாதுன்னு? உன்ன நம்பித்தானே நானும் அவர அப்படிப் பாடாப் படுத்தினேன்?" கத்திவிட்டு அவளே அழுதாள். காப்பகத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாள். அண்ணன்தான் தடுத்தான். இந்தத் தடவை பெட்டி என்றால் அடுத்த தடவை நானாக இருப்பேன், எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை, நான் போகிறேன் என்றான். அவன் சண்டை போட்டிருந்தால் குட்டி தாங்கியிருப்பாள். இப்படிச் சமாதானமாகச் சொன்னதைத் தாங்க முடியவில்லை.

அவள் பூட்லோடரைத் திருத்தினாள். இனி மாத்திரை விழுவதற்கு முன்னாலேயே ஃபிளாஷில் எழுதிவிடும். ஒரே இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில் மாற்றி மாற்றி. எழுதும்போது பாதியில் கரண்ட் போனாலும் மற்ற இடத்தில் பழையது பத்திரமாக இருக்கும். இரண்டுமே படிக்க முடியாமல் போனால் பெட்டி தானாக எதையும் முடிவு செய்யாது, மாத்திரையும் கொடுக்காது; ஆளைக் கூப்பிடச் சொல்லும். ஃபிளாஷ் தேயட்டும், இருபது வருஷம் கழித்துத் தேய்ந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் தன் பங்குக்குக் கேபிள்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, பட்டனை அமுக்கி அமுக்கிப் பெட்டியைக் கொன்று கொன்று எழுப்பினார். ஒரு வழியாக அவரே தலையாட்டினார். அவரிடம் அதை வாங்குவது சாமானியமில்லை.

காப்பகத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின காலை, குட்டி பெட்டியோடு வந்தாள். அண்ணி தட்டை நிரப்பிப் பூட்டினாள். எட்டு மணிக்குப் பெட்டி மணியடித்தது. அண்ணன் பட்டனை அழுத்தி, மாத்திரையை வாயில் போட்டு, அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்தான். குட்டி தன் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டி, பேட்டரியை மாற்றச் சொன்னாள்.

கைக்கு ஸ்க்ரூடிரைவர் வந்ததுமே அவன் முதுகு நிமிர்ந்தது. கழற்றினான். பட்டனை நகம் வெளுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டான். கம்பிகளைச் சட்டை நுனியால் துடைத்தான், ஒவ்வொன்றாக. மாட்டினான். பெட்டி விழிக்கும் சத்தம் கேட்டது. ஸ்கிரீன் வெளிச்சமாவதற்குள் குட்டி பெட்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"நீ சொல்லு அண்ணா. காலை மாத்திரை போட்டியா?"

அவன் அவளைப் பார்த்தான். பெட்டியின் முதுகைப் பார்த்தான். அண்ணி வாயைத் திறந்தாள். குட்டி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ரொம்ப நேரம் போனதுபோல இருந்தது. அண்ணன் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"போட்டேன்," என்றான். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "தண்ணி சூடா இருந்துச்சு. நாக்கு இன்னும் எரியுது. ஆளக் கொல்றதுக்கா குடுத்த?" என்றான்.

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆமாம், அவசரத்தில் வெந்நீரை ஆற்றாமல் கொடுத்துவிட்டேன் என்றாள். முதலில் காப்பகத்துக்குப் போன் செய்து, அவர் வரவில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்துவந்து ஜன்னலோர மேஜையில் வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த பெட்டி அப்படியேதான் இருந்தது.